யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் பலகைத் தளம்: போடுவதும் பராமரிப்பதும்

பலகைத் தளம் கீழிருந்துதான் கெடும். மேலே எத்தனை தரம் பொலிஷ் அடித்தாலும், அடியில் ஈரம் தேங்கிக் காற்றுப் போகாமல் கிடந்தால் இரண்டு மாரி தாங்காது. இப்போது கட்டப்படும் வீடுகளில் அறைக்குள் பலகைத் தளமும், விறாந்தைக்கு வெளியே முற்றத்துப் பக்கம் மரத்தட்டும் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். கனடாவிலோ நோர்வேயிலோ இருந்து வருகிறவர்கள் அங்கே எடுத்த படத்தைக் கைப்பேசியில் காட்டி, இப்படி ஒரு டெக் வேண்டும் என்கிறார்கள். ஆசையில் பிழையில்லை. ஆனால் அங்கத்தைய முறை அங்கத்தைய குளிருக்கும் அங்கத்தைய மரத்துக்கும் அமைந்தது. இங்கே ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வருடத்து மழையில் பெரும்பங்கு கொட்டித் தீர்க்கும். வைகாசியில் காண்டாவனம். பின்னால் வரும் சோளகம் உப்பையும் புழுதியையும் அள்ளி வரும். நிலத்துக்குள் எந்நேரமும் கறையான். இவ்வளவையும் கணக்கில் எடுத்துத்தான் முதல் பலகையை வாங்க வேண்டும்.

மரம் தெரிவது

வெளியே மழையில் நனையும் தட்டுக்கு முதிரை, பாலை, முதிர்ந்த தேக்கு மூன்றும் நல்லவை. முதிரை வன்னிக் காட்டு மரம். இறுகிய மரம், இழைத்தால் பட்டுப்போல வரும், உள்ளேயும் வெளியேயும் உதவும். பாலை ஒரு காலத்தில் தண்டவாளத்துக்குச் சிலிப்பர் கட்டையாகப் போன மரம். பாரமும் வைரமும் அதிகம், துளை போடாமல் ஆணி இறங்காது, காயும்போது வெடிக்கும். அதனால் மேற்பலகையாக்குவதைவிட அடியில் தாங்கும் வளைக்குப் பாலை சிறந்தது. தேக்கு மழைக்கும் வெயிலுக்கும் அதிகம் சுருங்கி விரியாது. ஆனால் இளந்தேக்கில் பாதி வெள்ளையாக இருக்கும். தேக்கு என்ற பெயருக்காக வெள்ளைப் பகுதி உக்காமல் இருக்காது. எந்த மரமானாலும் ஆயுள் இறுகிக் கறுத்த வைரத்தில்தான், வெளிறிய வெள்ளையில் இல்லை. வெளியே போடும் பலகையின் ஒரு விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை தெரிந்தால் அதைக் கழித்து அரிந்து தரச் சொல்லுங்கள்.

வேம்பும் மகோகனியும் அறைக்குள் மட்டும். வேப்பம்பலகையைப் பூச்சி இலகுவில் தொடாது, ஆனால் முறுகும். நன்றாகக் காயாத வேம்பைத் தளத்துக்கு எடுக்கவே வேண்டாம். பைனஸ், அதாவது பைன் மரம், என்றால் மருந்து ஏற்றியது மட்டும். அதையும் வெட்டிய முனைகளில் மருந்து பூசாமல் பொருத்தக் கூடாது, ஏனெனில் மருந்து நடுமரம் வரை போயிராது. மருந்தேற்றிய துண்டுகளை அடுப்பில் எரிக்கவும் கூடாது. புகையும் சாம்பலும் நஞ்சு.

பனை பற்றி எப்போதும் கேட்பார்கள். பனையின் வெளிப்புறக் கறுப்பு வைரம் வலிமையானது, கூரைக்குப் பரம்பரையாகச் சலாகையும் வளையும் கொடுத்தது அதுதான். ஆனால் உட்சோற்றி பஞ்சுபோல ஈரம் குடிக்கும். வைரமும் நார் நாராகப் பிரியும். வெறுங்காலோடு நடக்கிற வீட்டில் பனம்பலகை மிதித்தால் காலில் சிலாம்பு ஏறும். கூரை நிழலுக்குள், சோற்றியைச் செதுக்கி எடுத்துவிட்டு, அடித்தாங்கியாகப் பயன்படுத்தலாம். மேற்பலகைக்கு வேண்டாம்.

மரக்காலையில் ஒவ்வொரு பலகையாகத் தூக்கி, ஒரு முனையைக் கண்ணோடு பிடித்து மறுமுனை வரை விளிம்பைப் பாருங்கள். ஒரு பக்கம் வில்லாக வளைந்த பலகையை நெம்பி நேராக்கலாம். முறுக்கு விழுந்ததை எதுவும் செய்ய முடியாது. முனை வெடிப்பு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று பார்த்து அந்த நீளத்தை விலையில் கழிக்கக் கேளுங்கள். மாப்போல நுண்ணிய தூள் கொட்டும் துளை கண்டால் அந்த அடுக்கையே விட்டுவிடுங்கள், உளுத்தல் மற்றப் பலகைக்கும் போகும். பற்றுச்சீட்டையும், மரம் ஏற்றி வருவதற்கான அனுமதிப்பத்திரத்தையும் கையில் வாங்கிக்கொண்டு லொறியை விடுங்கள்.

காயவைப்பது

மரம் நீளத்தில் அசையாது என்றே வைத்துக்கொள்ளலாம். அகலத்தில்தான் அசைவு. தேக்கை எடுத்தால், ஈரம் 1 சதவீதம் கூடக் குறைய அதன் அகலம் ஏறத்தாழ 0.2 சதவீதம் மாறும். சிறிய எண்ணாகத் தெரியும். 10 அடி அகல அறை ஒன்றில் ஆடிக்கும் கார்த்திகைக்கும் இடையில் ஈரம் 4 சதவீதம் மாறினால் தளம் முழுவதும் சேர்ந்து 22 மில்லிமீற்றருக்கு மேல், கிட்டத்தட்ட ஓரங்குலம், விரியப் பார்க்கும். அந்த ஓரங்குலத்துக்கு இடம் கொடுக்காவிட்டால் தளம் நடுவில் கூரைபோல எழும்பும், அல்லது சுவரைத் தள்ளும். தேக்கைவிட அதிகம் அசையும் மரங்களுக்கு இன்னும் கூட இடம் வேண்டும்.

அரிந்து வந்த ஓரங்குலப் பலகை காற்றில் காய ஏறத்தாழ ஒரு வருடம் எடுக்கும் என்பது பழைய கணக்கு. நிழலில், நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி அடுக்குங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் ஓரங்குலச் சலாகைகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வையுங்கள். மேல் அடுக்குச் சலாகை கீழ் அடுக்குச் சலாகைக்கு நேர் மேலே வர வேண்டும், விலகினால் பலகை அந்த இடத்தில் தொய்யும். பலகை முனைகளில் மெழுகோ பழைய பெயின்றோ பூசிவிட வேண்டும். ஈரம் முனையால்தான் வேகமாகப் போகும், அந்த வேகந்தான் முனையை வெடிக்க வைக்கிறது. வெயிலில் பரப்பிக் காயவைப்பது பலகையைக் கொல்வதற்குச் சமம்.

காய்ந்ததா என்று பார்க்க ஈரமானி இல்லாவிட்டாலும் வீட்டிலேயே அளக்கலாம். பலகை முனையிலிருந்து ஒரு அடி உள்ளே தள்ளி ஓரங்குல நீளத் துண்டு ஒன்றை வெட்டுங்கள். முனைத்துண்டு எப்போதும் கூடக் காய்ந்திருக்கும், அது பொய் சொல்லும். சமையலறை மின்தராசில் உடனே நிறுத்து எழுதுங்கள். கேக் போடும் அவணில் 100 பாகைக்குச் சற்றுக் கூட வைத்து, சில மணித்தியாலத்துக்கு ஒருதரம் எடுத்து நிறுங்கள். நிறை இனிக் குறையவில்லை என்றால் முழுக்கக் காய்ந்துவிட்டது. முதல் நிறை 184 கிராம், கடைசி நிறை 160 கிராம் என்றால் வித்தியாசம் 24. அதை 160 ஆல் பிரித்தால் 15 சதவீதம். ஜன்னல் திறந்து வாழும் வீட்டுக்கு 12 முதல் 15 சதவீதம் சரி. நாள் முழுக்க ஏசி ஓடும் அறைக்கு 9 முதல் 11 வரை இறக்க வேண்டும். 18க்கு மேல் இருந்தால் யார் அவசரப்படுத்தினாலும் போடாதீர்கள். அடுத்த கோடைக்குள் பலகைகளுக்கிடையில் காசு நுழையும்.

காய்ந்த பலகையையும் போடப்போகும் அறைக்குள்ளேயே சலாகை வைத்து இரண்டு கிழமை அடுக்கி விட வேண்டும். தளம் போட மாசியும் பங்குனியும் நல்ல காலம். மழை ஈரம் போயிருக்கும், கோடைக் காய்ச்சல் தொடங்கியிராது. கடுங்கோடையில் போட்டால் மாரி வீக்கத்துக்கு இடை கூட விடுங்கள்.

அறைக்குள் தளம்

கொங்கிறீட் காயாமல் மேலே பலகை வைப்பதுதான் உள் தளங்களைக் கெடுக்கும் முதல் காரணம். ஒவ்வோர் அங்குலத் தடிப்புக்கும் ஒரு மாதம் என்று கணக்கு வையுங்கள். 4 அங்குலத் தளத்துக்கு நாலு மாதம். பிறகும் சோதியுங்கள்: மூன்றடிக்கு மூன்றடி தெளிந்த பொலித்தீனைத் தளத்தில் விரித்து நாலு பக்கமும் ரேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அடியில் வியர்த்தாலோ, கொங்கிறீட் கறுத்துத் தெரிந்தாலோ இன்னும் காயவில்லை.

காய்ந்த தளத்துக்கு மேல் 1000 கேஜ் பொலித்தீன். இரண்டு தாள் சேரும் இடத்தில் 8 அங்குலம் ஒன்றன் மேல் ஒன்று ஏற வேண்டும், ரேப்பால் ஒட்ட வேண்டும், சுவரோரம் பலகை உயரம் வரை மடித்து ஏற்ற வேண்டும். அதன் மேல் 2க்கு 2 அங்குலக் கட்டைகளை 16 அங்குலத்துக்கு ஒன்றாக வைத்து, நீர்மட்டம் பார்த்து, தாழ்ந்த இடத்தில் பிளாஸ்ரிக் ஆப்பு வைத்துச் சமப்படுத்தி, ரோல் பிளக் போட்டுத் திருகாணியால் இறுக்குங்கள். பொலித்தீனைத் துளைக்கும் ஒவ்வோர் இடத்திலும் முதலில் சிலிக்கன் ஒரு சொட்டு வைக்க வேண்டும்.

கட்டைகளுக்கு இடையில் மணலோ சீமெந்துக் கலவையோ நிரப்பச் சில மேசன்மார் சொல்வார்கள், நடக்கும்போது சத்தம் வராதாம். நிரப்ப விடாதீர்கள். மணல் ஈரத்தைப் பிடித்துக் கட்டையோடு வைத்திருக்கும், கறையானுக்கும் பாதை போட்டுக் கொடுக்கும். வெற்றிடமாக விட்டு, கட்டைகளைச் சுவருக்கு ஓரங்குலம் முன்னதாக நிறுத்தினால் அடியில் காற்று ஓடும்.

பலகை முக்கால் அங்குலத்தில் நாக்கும் தவாளிப்பும் அடித்தது, அதாவது ஒரு விளிம்பில் நீட்டிய நாக்கும் மறுவிளிம்பில் அது பொருந்தும் பள்ளமும் உள்ளது, நல்லது. முதல் பலகையின் தவாளிப்புப் பக்கம் சுவரைப் பார்க்க வேண்டும், சுவரிலிருந்து 12 மில்லிமீற்றர் தள்ளி. சுவரை நம்பாமல் நூல் பிடியுங்கள். நூறு வருடச் சுவரும் நேற்றுக் கட்டிய சுவரும் இரண்டுமே கோணலாக இருக்கும். நாக்கின் மேல்மூலையில் 45 பாகை சரிவாகத் துளை போட்டு ஆணி இறக்கினால் அடுத்த பலகையின் தவாளிப்பு ஆணித்தலையை மறைத்துவிடும். அடுத்த பலகையைத் தட்டிச் சேர்க்கும்போது சுத்தியலுக்கும் நாக்குக்கும் இடையில் கழிவுத்துண்டு ஒன்றைப் பிடியுங்கள். பலகை முனை மூட்டுகள் கட்டைக்கு மேலேயே வர வேண்டும், பக்கத்துப் பக்கத்து வரிசையில் ஒன்றரை அடியாவது தள்ளி வர வேண்டும். கடைசிச் சுவரிலும் அதே 12 மில்லிமீற்றர் இடை. அகலம் 12 அடிக்கு மேல் போனால் 15க்கு ஏற்றுங்கள். இந்த இடையை மறைப்பது சுவரோரச் சட்டம். அந்தச் சட்டத்தைச் சுவரில் அடியுங்கள், தளத்தில் அடித்தால் தளத்தைப் பூட்டிவிட்டீர்கள்.

வெளியே மரத்தட்டு

இங்கே ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். வீட்டோரம் 12 அடி நீளம், முற்றத்தை நோக்கி 10 அடி அகலம். வீட்டுத் தளம் நிலத்திலிருந்து 2 அடி உயரம். தட்டின் மேல்முகம் வீட்டுத் தளத்துக்கு 2 அங்குலம் கீழே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மழைச் சாரல் கதவுக்குள் வரும். மேற்பலகை 1 அங்குலம், அதன் கீழ் பலகையைத் தாங்கும் குறுக்குக் கட்டையான தீராந்தி 4, அதன் கீழ் தீராந்தியைத் தாங்கும் வளை 5. வளையின் அடிக்கும் நிலத்துக்கும் இடையில் 12 அங்குலம் மிஞ்சும். இதுதான் குறைந்தபட்சம். ஒருவர் குப்புறப்படுத்து ரோச் அடித்துப் பார்க்க முடியாத தட்டை யாரும் பராமரிக்க மாட்டார்கள். உங்கள் காணியில் 2008 நிஷா புயல் மழைக்கு வெள்ளம் எவ்வளவு நின்றது என்று அயலவரைக் கேட்டு, வளை அந்த மட்டத்துக்கு மேலே நிற்குமாறு பாருங்கள்.

மரத்தை எந்தக் காரணம் கொண்டும் மண்ணுக்குள் நடாதீர்கள். கொங்கிறீட்டுக்குள் புதைப்பதும் அதே பிழைதான், கொங்கிறீட் கிண்ணம்போலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், மரம் நிலமட்டத்தில் உக்கும். 9க்கு 9 அங்குலக் குட்டைத் தூண்கள் பன்னிரண்டு போடுங்கள்: மூன்று வரிசை, வரிசைக்கு நாலு. வரிசைகளுக்கு இடையில் 5 அடி, தூண்களுக்கு இடையில் 4 அடி. அடித்தளம் ஒன்றரை அடிச் சதுரம், 9 அங்குலத் தடிப்பு. 1:2:4 கலவையில் எல்லாவற்றுக்கும் 6 அல்லது 7 மூடைச் சீமெந்து போகும். வலிகாமத்தில் பல இடங்களில் ஒரு முழத்திலேயே சுண்ணக்கல் தட்டும். அங்கே ஆழம் தோண்டிக் கல்லுடைக்கத் தேவையில்லை. கல்லைக் கழுவி, 12 மில்லிமீற்றர்க் கம்பியைத் துளையிட்டு இறுக்கி, அதன் மேலேயே தூணை எழுப்பலாம். வடமராட்சிக் கரையோர மணலில் அடித்தளத்தை 2 அடிச் சதுரமாக்குங்கள்.

தூண் இறுகும் முன் அதன் தலையில் கல்வனைஸ் போல்ற் ஒன்றைச் செங்குத்தாக இறக்குங்கள். வெளி வரிசைத் தூண்கள் வீட்டோர வரிசையைவிட 30 மில்லிமீற்றர் தாழ்ந்து நிற்க வேண்டும், மீற்றருக்கு 10 மில்லிமீற்றர் சரிவு. ஒவ்வொரு தூண் தலைக்கும் தகரத் தொப்பி வேண்டும். கல்வனைஸ் தகடோ அலுமினியமோ, தூணைவிட எல்லாப் பக்கமும் 2 அங்குலம் நீண்டு, அந்த 2 அங்குலமும் கீழ்நோக்கி 45 பாகை மடிந்திருக்க வேண்டும். இது கறையானைத் தடுத்துவிடும் என்று நினைக்காதீர்கள். கறையான் அதையும் சுற்றி மண்குழாய் கட்டி ஏறும். ஆனால் அந்தக் குழாயை வெளிச்சத்தில், உங்கள் கண் படும் இடத்தில் கட்ட வேண்டிவரும். தொப்பியின் வேலை அதுதான்.

வளை 3க்கு 5, மூன்று, 12 அடி நீளம். தீராந்தி 2க்கு 4, பத்து, 10 அடி நீளம், 16 அங்குலத்துக்கு ஒன்று. மேற்பலகை 4க்கு 1. இழைத்த பிறகு அகலம் 100 மில்லிமீற்றர், இடை 5 மில்லிமீற்றர் என்றால் பலகைக்கு 105. பத்தடி என்பது 3050 மில்லிமீற்றர். 29 பலகை சரியாக வரும். கழிவுக்கு மூன்று சேர்த்து 32 வாங்குங்கள். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 20 கன அடி மரம்.

வீட்டுச் சுவரில் எதையும் இறுக்காதீர்கள். தட்டுத் தன் காலிலேயே நிற்கட்டும், சுவருக்கும் அதற்கும் 15 மில்லிமீற்றர் இடைவெளி. சுவரோடு ஒட்டிய மரத்துக்கும் சாந்துக்கும் இடையில் நின்ற தண்ணீர் இரண்டையும் கெடுக்கும்.

தீராந்தியின் மேல்முகந்தான் தட்டில் முதலில் உக்கும் இடம். பலகையும் தீராந்தியும் தொடும் அந்த இரண்டங்குலத்தில் மழைநீர் நாள்கணக்கில் நிற்கும், திருகாணித் துளை வழியே உள்ளே இறங்கும். தார்த்தாளை இரண்டரை அங்குலக் கீற்றாக வெட்டி ஒவ்வொரு தீராந்தி மேலும் விரித்துவிட்டுப் பலகை போடுங்கள். செலவு மிகக் குறைவு, ஆயுள் பல வருடம் கூடும்.

திருகாணி விடயத்தில் சிக்கனம் வேண்டாம். மஞ்சள் பூச்சுத் திருகாணி உப்புக்காற்றில் சீக்கிரமே கறளேறும். கறள் மரத்திலுள்ள துவர்ப்போடு சேர்ந்து கறுப்பு நீலக் கண்ணீர்போலப் பலகையில் வடியும். குருநகர், பாசையூர், காரைநகர், தீவுகள், வல்வெட்டித்துறை போன்ற கடலோரத்துக்கு 316 தர ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல். கோப்பாய், மானிப்பாய், சுன்னாகம் போன்ற உள்ளூர்களுக்கு 304 போதும். கடையில் காந்தம் கொண்டுபோய்ப் பாருங்கள், இறுகப் பிடித்தால் அது அந்தத் தரம் இல்லை. அளவு: இரண்டரை அங்குலம் நீளம், 5 மில்லிமீற்றர் தடிப்பு. பலகைக்கு ஒவ்வொரு தீராந்தியிலும் இரண்டு, ஆக 580, வாங்குவது 650. முதலில் மூன்றரை மில்லிமீற்றர்த் துளை போடாமல் முதிரையிலோ பாலையிலோ இறக்கினால் திருகாணி கழுத்தோடு முறியும், ஸ்ரெயின்லெஸ் மென்மையானது. புரியில் சவர்க்காரம் தடவினால் இலகுவாக இறங்கும். பலகை விளிம்பிலிருந்து 20 மில்லிமீற்றர், முனையிலிருந்து 30 உள்ளே தள்ளி வையுங்கள். தலை பலகை மட்டத்தோடு நிற்க வேண்டும். ஆழமாக இறங்கினால் ஒவ்வொரு தலையும் ஒரு சிறு தண்ணீர்க் குழி.

இடை சமமாக வர நாலங்குல ஆணியைப் பலகைகளுக்கு நடுவில் நிறுத்தி வேலை செய்யலாம். மரம் இன்னும் கொஞ்சம் ஈரமாக இருந்தால் இடையை 2 அல்லது 3 மில்லிமீற்றராகக் குறையுங்கள், காய்ந்து சுருங்கும்போது சரியாகும். வைரப்பக்கம் மேலா கீழா என்று தச்சர்களுக்குள் தீராத வாக்குவாதம் உண்டு. காய்ந்த பலகை என்றால் நல்ல முகம் மேலே இருக்கட்டும், அதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை.

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. மரக்கப்பலின் மேல்தட்டில் பலகை இடைகளை நார் திணித்துக் கலப்பற்று அடித்து மூடுவார்கள், ஒரு சொட்டும் கீழே இறங்கக் கூடாது என்பதால். வீட்டுத் தட்டில் ஒவ்வொரு சொட்டும் கீழே இறங்கியாக வேண்டும். பலகை இடையில் தூசி விழுகிறது, சிலிக்கன் வைத்து அடைத்துத் தாருங்கள் என்று வீட்டுக்காரர் கேட்டால் மறுத்துவிடுங்கள். அடைத்த தட்டில் பலகையின் பக்கவாட்டு ஒருபோதும் காயாது.

எண்ணெய், கறையான், கிணறு

வெளித்தட்டுக்கு வார்ணிஷ் வேண்டாம். வெயில் அதன் தோலை வெடிக்க வைக்கும், வெடிப்பால் நீர் புகும், புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் தோலை உரிக்கும், பிறகு முழுத் தட்டையும் சுரண்ட வேண்டும். மரத்துக்குள் இறங்கும் வெளிப்புற மர எண்ணெய்தான் சரி, சற்று நிறமுள்ளது வெயிலைக் கூடத் தாங்கும். வெறும் ஆளிவிதை எண்ணெய் இங்கத்தைய ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும். பொருத்துவதற்கு முன்பே பலகையின் நாலு முகமும் இரு முனையும் ஒருதரம் பூசுங்கள், பொருத்திய பின் அடிமுகத்துக்குக் கை எட்டாது. வெட்டும் ஒவ்வொரு முனைக்கும் உடனே பூச்சு. மேலே சொன்ன தட்டுக்கு, தீராந்தியும் வளையும் சேர்த்து, 5 லீற்றர் போதும். பூசி இருபது நிமிடத்தில் மேலே மிஞ்சியதைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும், விட்டால் பிசுபிசுப்பாகவே காயும். துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடேறும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவைக்கவும் அல்லது தண்ணீர் வாளியில் அமிழ்த்தவும்.

உள் தளத்துக்குப் பொலியூரித்தேன் மூன்று பூச்சு, 60, 80, 120 அரத்தாள் வரிசையில் தேய்த்த பிறகு, பூச்சுகளுக்கு இடையில் ஒரு நாள். தேக்கில் பூச முன் தின்னரால் ஒருதரம் துடைத்துவிட வேண்டும், அதன் எண்ணெய்ப்பசை பூச்சைப் பிடிக்க விடாது. மழைநாளில் பூசினால் வெண்புகைபோல மங்கும்.

கறையானுக்குப் பழைய இஞ்சின் ஒயிலை மண்ணில் ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இதைக் கைவிட வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. குடிப்பது சுண்ணக்கல்லுக்குள் தங்கிய மழைநீரை. அந்தக் கல் வெடிப்பும் குகையுமாக இருக்கிறது. முற்றத்தில் ஊற்றியது வடிபடாமல் கிணற்றுக்குப் போகும், உங்களுடையதுக்கு மட்டுமில்லை, அயல்வீட்டுக்கும். மண்ணுக்கு மருந்து அடித்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் அனுமதி பெற்ற ஆட்களைக் கூப்பிட்டு, கிணறு எங்கே என்று முதலில் காட்டுங்கள். அதற்கு முன் செய்யக்கூடியது நிறைய உண்டு: கொங்கிறீட்டுக்கு அடித்த பலகைகளையும் ஆப்புகளையும் ஒன்றுவிடாமல் கழற்றுங்கள், பழைய மரக்குற்றியைத் தோண்டி எடுங்கள், தட்டின் கீழ் மரத்தூளும் விறகும் தென்னோலையும் சேர விடாதீர்கள். கீழே சல்லி பரப்பினால் குழாய் கட்டுவது தெளிவாகத் தெரியும். போராக்ஸ் கரைசல் உள்மரத்துக்கு நல்ல காப்பு, ஆனால் மழை அதைக் கழுவிவிடும், வெளித்தட்டுக்கு உதவாது.

வருடம் முழுவதும்

புரட்டாதியில், மழைக்கு முன், பலகை இடைகளில் சிக்கிய வேப்பஞ்சருகையும் மணலையும் தட்டையான கம்பியால் கிண்டி எடுங்கள். சருகு அடைத்த இடையில்தான் மாரி முழுக்க ஈரம் நிற்கும். அப்போதே தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: முத்தாக உருண்டால் எண்ணெய் இருக்கிறது, உடனே கறுத்து உறிஞ்சினால் ஒரு பூச்சு வேண்டும். வெயில் விழும் தட்டுக்கு வருடத்தில் ஒருதரம் தேவைப்படும். தையில், மழை விட்டபின், குனிந்து அடிப்பக்கம் முழுவதையும் ரோச் அடித்துப் பாருங்கள். மண்குழாய் கண்டால் உடைத்துவிட்டு, இரண்டு நாளில் திரும்பக் கட்டுகிறதா என்று கவனியுங்கள். கட்டினால் கூடு உயிரோடு இருக்கிறது. தீராந்தி மேல்மூலைகளில் ஒரு திருகாணிச் சாவியின் நுனியைக் குத்துங்கள், கால் அங்குலத்துக்கு மேல் இலகுவாக இறங்கினால் உக்கல் தொடங்கிவிட்டது.

பாசி பிடித்த பலகை வழுக்கும். சவர்க்காரத் தண்ணீரும் தும்புக் கட்டையும் போதும், நார் ஓடும் திசையில் தேயுங்கள். வேகத் தண்ணீர் இயந்திரம் மென்மையான நாரைப் பிய்த்து எடுத்துச் சிலாம்பு எழுப்பும். இரும்புக் கம்பித் தூரிகையும் வேண்டாம், அதிலிருந்து உதிரும் துகள் ஒவ்வொன்றும் கறுப்புப் புள்ளியாகும். ஏற்கனவே கறுத்த கறைக்கு ஒக்சாலிக் அமிலம், ஒரு லீற்றர் சுடுநீருக்கு 50 கிராம், கையுறை போட்டு, பூசிப் பதினைந்து நிமிடத்தில் கழுவ வேண்டும்.

உள் தளத்துக்கு வேறு வழக்கம் வேண்டும். வெள்ளிக்கிழமையும் பொங்கலுக்கு முதல்நாளும் வாளி வாளியாக ஊற்றி வீடு கழுவுவது சீமெந்துத் தளத்துக்கு உரியது. பலகைத் தளத்துக்கு இறுகப் பிழிந்த துணி மட்டும், அதன் பின் காய்ந்த துணி. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், தானாகக் காய விட்டால் வெண்திட்டுகள் விழும். குத்துவிளக்கின் கீழ் எப்போதும் தட்டு வையுங்கள்.

பலகைகளின் விளிம்பு உயர்ந்து நடு தாழ்ந்து ஓடுபோலக் கிண்ணி விழுந்தால், அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட ஈரம் என்று அர்த்தம். உடனே அரத்தாள் மெசின் பிடிக்காதீர்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்துங்கள்: குழாய்க் கசிவு, ஏசித் தண்ணீர், கிழிந்த பொலித்தீன். சில மாதம் காயவிட்டால் பெரும்பாலும் தானே தட்டையாகும். ஈரத்தோடு சீவியிருந்தால் காய்ந்தபின் விளிம்பு தாழ்ந்து நடு மேடாகும், அதைத் திருத்தத் திரும்பச் சீவ வேண்டும், பலகையில் அவ்வளவு தடிப்பு மிஞ்சாது. கிறீச்சிடும் இடத்தில் பலகை கட்டையை விட்டு எழும்பியிருக்கும். அந்த இடத்தில் துளையிட்டுத் திருகாணி ஒன்றை இறக்கி, அதே மரத்துத் தக்கையால் தலையை மூடினால் அடங்கும்.

வெளித்தட்டில் ஒரு பலகை உக்கினால் அதை மட்டும் மாற்றலாம். திருகாணிகளைக் கழற்றிப் பலகையைத் தூக்கியவுடன் புதியதை வைத்துவிடாமல், கீழே தெரியும் தீராந்தி முகத்தை ஒருநாள் வெயில் காட்டுங்கள். பழைய துளைகளில் எண்ணெயில் தோய்த்த மரக்குச்சியைத் தட்டி இறக்கி மட்டமாக வெட்டுங்கள். தார்த்தாள் கிழிந்திருந்தால் அந்தத் துண்டை மாற்றுங்கள். புதிய பலகையின் நாலு முகமும் இரு முனையும் பூசிக் காய்ந்தபின், பழைய துளைக்கு அரை அங்குலம் தள்ளிப் புதுத் துளையிட்டு இறுக்குங்கள். நிறம் முதலில் பளிச்சென்று வேறாகத் தெரியும். ஒரு கோடையும் ஒரு மாரியும் போனால் மற்றப் பலகைகளோடு சேர்ந்துவிடும்.